தை மாதத்து வீடு

வீட்டை விற்பதற்கு ஏற்ற மாதம் தை என்றார் தரகர். மார்கழியில் யாரும் முன்பணம் தரமாட்டார்கள் என்ற சம்பிரதாயத்தைச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் கணக்கு வேறு. ஐப்பசி, கார்த்திகையில் கூரை ஒழுகும். சித்திரைக்குப் பிறகு கிணறு வற்றிவிடும். தையில் கூரை காய்ந்திருக்கும், கிணற்றிலும் தண்ணீர் நிற்கும். மாயவரம் பக்கத்துப் பழைய வீடு எதுவானாலும் வருஷத்தில் ஆறு வாரம்தான் குறை தெரியாமல் இருக்கும். அதற்குள் காரியத்தை முடித்துக்கொள்ளவேண்டும் என்பது அவர் அனுபவம். இதில் பொய் எந்த இடத்தில் இருக்கிறது என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். மாதம் உண்மை, தண்ணீர் உண்மை, காய்ந்த கூரையும் உண்மை.

பெயிண்டர் நான்கு நாள் வேலை செய்தார். மாடக்குழியின் விளக்குப் புகை போயிற்று. காலண்டர் ஆணிகள் பிடுங்கப்பட்டன. ரேழி நிலைக்காலில் அப்பா எங்கள் மூவரின் உயரத்தையும் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார், அதுவும் போயிற்று. வீட்டைத் தயார் செய்வது என்பது அதில் யாரும் குடியிருக்கவில்லை என்று காட்டுவதுதான் போலிருக்கிறது. (நம் சிறுகதைகளில் பலவற்றிலும் இந்தப் பட்டி பார்க்கும் வேலை நடக்கிறது, அது வேறு விஷயம்.) கூடத்து மூன்றாவது உத்திரத்தில் கரையான் அரித்த ஒரு முழ நீளம் உண்டு. மருந்து அடித்ததுதான், ஆனால் உள்ளே எவ்வளவு தின்றிருக்கிறது என்று பார்த்தவர் இல்லை. அதையும் பட்டி வைத்து அடைத்து, ஏழு உத்திரங்களுக்கும் ஒரே பழுப்பு பெயிண்ட் அடித்தார்கள். பெயிண்டைத் தேர்ந்தெடுத்தவன் நான்.

இந்தப் பிரச்னை புதிதல்ல. கி.மு. 44இல் சிசரோ தன் மகனுக்காக எழுதிய கடமைகள் குறித்த நூலின் மூன்றாம் பாகத்தில், குறை தெரிந்து வீட்டை விற்கிற யோக்கியன் ஒருவன் வருகிறான். படுக்கையறைகளில் விஷ ஜந்துக்கள் நடமாடுகின்றன, மரம் உளுத்திருக்கிறது. அவனைத் தவிர யாருக்கும் தெரியாது. சொல்லவேண்டுமா? ஸ்டோயிக்குகளிலேயே இரண்டு கட்சி. சொல்லாமல் இருப்பது மறைப்பதாகாது, வாங்கு என்று அவன் யாரையும் கட்டாயப்படுத்தவில்லையே என்பது பாபிலோனிய தயோஜெனிஸ் கட்சி. வழி தவறியவனுக்கு வழி காட்டாமல் நிற்பதற்குச் சமம் என்கிறார் அவருடைய மாணவர் அந்திபேட்டர். சிசரோ அந்திபேட்டர் பக்கம் சாய்கிறார். பிறகு சிரக்யூஸில் நடந்த ஒரு கதையைச் சொல்கிறார். பித்தியஸ் என்பவன் தன் தோட்டத்தை கேனியஸ் என்ற ரோமானியனுக்கு விற்பதற்காக, மீனவர்களைக் கூப்பிட்டுத் தோட்டத்துக்கு எதிரே படகுகளை நிறுத்தி மீன் பிடிக்கச் சொல்கிறான். ஊருக்கே மீன் இங்கிருந்துதான் போகிறது என்று நம்பி, கேட்ட விலையைக் கொடுத்து வாங்குகிறான் கேனியஸ். மறுநாள் ஒரு படகையும் காணோம். மீனவர்களுக்கு விடுமுறையா என்று பக்கத்து வீட்டுக்காரனைக் கேட்கிறான். இங்கே யாரும் மீன் பிடிப்பதே கிடையாது, நேற்று ஏன் வந்தார்கள் என்று நானே ஆச்சரியப்பட்டேன் என்கிறான் அவன். பித்தியஸின் தொழில் லேவாதேவி. வங்கி குமாஸ்தாவான எனக்கு இது உறைக்கத்தான் செய்தது.

தையில் கிணற்றில் நிற்கும் தண்ணீர் பித்தியஸின் படகா? இல்லை என்றுதான் முதலில் சமாதானம் செய்துகொண்டேன். மழையை நான் கூலிக்குப் பிடித்து வரவில்லை. ஆனால் உத்திரத்து விஷயம் அப்படி முடியவில்லை. நம் 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, விற்பவனுக்குத் தெரிந்து, வாங்குபவனுக்குத் தெரியாமல், சாதாரண ஜாக்கிரதையோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாமல் இருக்கிற முக்கியமான குறையைச் சொல்லியே ஆகவேண்டும் என்கிறது. சொல்லாமல் விடுவதையே மோசடி என்கிறது. சட்ட வாசகத்தில் என்னை நிறுத்தியது 'சாதாரண ஜாக்கிரதை' என்ற இடம். பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால், நிமிர்ந்து பார்க்கிற எவனுக்கும் அந்த உத்திரம் தன் கதையைத் தானே சொல்லியிருக்கும். நான் வாயைத் திறக்கவேண்டிய அவசியமே இல்லை. அதன் வாயை நான் அடைத்தேன். அடைத்த அந்த நிமிஷத்தில், அது சொல்லவேண்டியதைச் சொல்கிற பொறுப்பு எனக்கு வந்துவிட்டது. தயோஜெனிஸும் அந்திபேட்டரும் குறை என்பது ஏற்கெனவே ஒளிந்திருக்கிற ஒன்று என்று வைத்துக்கொண்டுதான் வாதாடுகிறார்கள். ஒளித்துவைத்தவன் மௌனத்தைப் பற்றித் தத்துவம் பேச முடியுமா என்று எனக்குத் தோன்றியது.

விலைக்கு வருகிறேன். அரசாங்கத்துக்குத் தெருவாரியாக, சர்வே எண்வாரியாக ஒரு வழிகாட்டி மதிப்பு உண்டு. அதற்கு வீடு தெரியாது, மண்தான் தெரியும். இடித்துவிட்டுக் கட்டுகிறவர் ஒருவர் 52 லட்சம் சொன்னார்; அவருக்கும் கரையான் பொருட்டல்ல, கூடத்தில் பங்குனி மத்தியானத்திலும் வருகிற காற்றும் பொருட்டல்ல. குடியிருக்க வாங்குகிறவர் 58 வரை தருவார் என்றார் தரகர். வித்தியாசம் 6 லட்சம். நல்ல விலை என்பது மிகக் குறைவாகத் தெரிந்தவன் தருகிற விலை. மூவர் பங்கில் ஆளுக்கு இரண்டு லட்சம், என் வாய்க்கு.

முதலில் வந்தவர் இளவயசுக்காரர், மனைவியோடு வந்தார். நான் உத்திரத்தைக் காட்டிச் சொல்லிவிட்டேன். அவர் அதற்குப் பிறகு உத்திரத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "இதையே நீங்களா சொல்றீங்கன்னா, சொல்லாதது வேற என்ன சார் இருக்கு?" என்றார். திரும்ப வரவில்லை. உண்மை அவரிடம் உண்மையாகப் போய்ச் சேரவில்லை, ஒரு பேரத் தந்திரமாகப் போய்ச் சேர்ந்தது. இது சிசரோவில் இல்லை.

அன்று ராத்திரி அண்ணன் போன் செய்தார். கோபப்படவில்லை. "நீ உண்மையச் சொல்லிக்க. அதுக்கான தண்டத்த உன் பங்குல கழிச்சுக்க. அக்கா பங்குல ஏன் கழிக்கிற?" என்றார். அக்காவுக்கு வைகாசியில் பெண் கல்யாணம். சிசரோவின் யோக்கியனுக்கு உடன்பிறந்தவர்கள் கிடையாது. தன் சொத்தைத் தானே விற்கிற தனி ஆள் அவன். நேர்மை அவனுக்குச் சுலபம் என்று சொல்லவில்லை, ஆனால் செலவு அவனுடையது. அண்ணன் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நஷ்டத்தை என் பங்கில் மட்டும் கழித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஆறு லட்சம். சொல்லவில்லை.

இரண்டாவது வந்தவர் ரிடையர்ட் பள்ளி ஆசிரியர், மகன் பேரில் கடனுக்கு விண்ணப்பித்து வாங்கினார். முப்பது வருஷ வில்லங்கம் பார்த்தார்கள், தாய்ப் பத்திரம் பார்த்தார்கள். மதிப்பீட்டாளர் வந்து இருபது நிமிஷம் நாடா பிடித்தார். கூரை: மெட்ராஸ் டெரஸ் என்று எழுதிக்கொண்டார். எங்கள் ஆபீஸிலும் இதே மாதிரிக் காகிதங்கள் தினம் என் மேஜைக்கு வருகின்றன, நானும் நம்பித்தான் அனுப்புகிறேன். ஆசிரியர் கிளம்பும்போது என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "ஒழுகுமா தம்பி?"

"பழைய தளம் சார், ஒவ்வொரு வருஷமும் மழைக்கு முன்னால ஒரு தடவை பாத்துக்கணும்" என்றேன். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. உத்திரத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. ஒரே பழுப்பில் இருந்த ஏழில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

மாசியில் பத்திரம் பதிவாயிற்று. வில்லங்கம் ஏதும் இல்லை என்ற வரிக்குக் கீழே மூவரும் கையெழுத்துப் போட்டோம். என் பங்கில் இரண்டு லட்சத்தைப் பிரித்து 240 நாள் டெபாசிட்டில் போட்டிருக்கிறேன். ஒரு வருஷத்துக்குப் போட்டால் வட்டி கூட வருமே என்று மனைவி கேட்டாள். முதிர்வு ஐப்பசி முதல் வாரத்தில் வருகிறது.