சும்மா இருந்தால் என்ன ஆகும்?

உங்களுக்கு முடி கொட்டுகிறதா? எனக்குக் கொட்டியே முடிந்துவிட்டது. போன மாதம், விளம்பரம் பார்த்து ஒரு முடி மாற்று மையத்துக்குள் நுழைந்தேன். ஏ.சி., லெமன் டீ, சுவரெல்லாம் 'முன்', 'பின்' படங்கள். எதிரே உட்கார்ந்த பெண் டாக்டர் இல்லை, 'கவுன்சலராம்'. என் தலையை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "மூவாயிரம் கிராஃப்ட் சார். ஞாயித்துக்கிழமைக்குள்ள புக் பண்ணா முப்பது பர்சன்ட் தள்ளுபடி, இ.எம்.ஐ. உண்டு" என்றார்.

நான் பி.காம். கணக்குப் போடாமல் இருக்க முடியுமா? பின்மண்டையில் எடுத்து முன்மண்டையில் நடுகிறார்கள். மொத்த இருப்பில் ஒரு முடிகூட ஏறாது! நட்டதில் பெரும்பாலும் சில வாரங்களில் உதிர்ந்து, திரும்ப முளைத்து, முழுப் பலன் தெரிய ஒரு வருடம் ஆகும். மிச்சமிருக்கும் பழைய முடி தன் பாட்டுக்குக் கொட்டும். இதெல்லாம் நான் தோண்டித் தோண்டிக் கேட்ட பிறகே வந்தது.

2016-ல் சென்னையில் இதே சிகிச்சை செய்துகொண்ட 22 வயது மருத்துவ மாணவர் ஒருவர் சில நாட்களுக்குள் இறந்துபோனார். மருத்துவம் படித்த பிள்ளை! 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம், யூடியூப் பார்ப்பதெல்லாம் இதற்குப் போதுமான பயிற்சி ஆகாது என்று எழுதியே வைத்தது. அதையும் எழுத வேண்டியிருந்தது, பாருங்கள்.

அழகாக இருக்க ஆசைப்படுவது தப்பா? சத்தியமாக இல்லை. மீசைக்கு டை அடிப்பவன் நான். என் உறுத்தல் வேறு. அப்பெண்டிக்ஸ் என்றால் கத்தி வைத்தாலும் ஆபத்து, வைக்காவிட்டாலும் ஆபத்து. எடை போட இரண்டு தட்டு இருக்கிறது. இங்கே சும்மா இருந்தால் உயிருக்கு ஒன்றும் ஆகாது. அந்தக் காலித் தட்டில் எதையாவது வைத்தால்தானே வியாபாரம்? "பொண்ணு ஸ்கூல்ல உங்களைத் தாத்தான்னு நினைச்சுடப் போறாங்க சார்" என்றார் அந்தப் பெண். அதுவரை எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. வெளியே வரும்போது தோன்றியது.

"மரத்துப்போக ஊசி போடுவது யாரும்மா? ஆபரேஷன் பண்ற டாக்டர் பேர் என்ன?" என்று கேட்டேன். "எதுவும் ஆகாது சார், நம்ம டீம் பார்த்துப்பாங்க" என்றார். கையெழுத்துக்கு நீட்டிய நாலு பக்கத் தாளிலோ, எது வேண்டுமானாலும் ஆகலாம் என்று பொடி எழுத்தில் இருந்தது. இரண்டில் எதை நீங்கள் நம்புவீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. தள்ளுபடியை இன்னும் ஒரு வாரம் நீட்டித்திருப்பதாக வாட்ஸ்அப் வந்திருக்கிறது. டாக்டர் பெயர் மட்டும் இன்னும் வரவில்லை.