உடன்பிறந்தார் பெயரும் ஓசை இயைபும்

ஒரு வீட்டில் முதற்குழந்தை பிறக்கும்போது பெற்றோர் பெயர் தேடுகின்றனர். இரண்டாவது குழந்தை பிறக்கும்போதோ, முன்னைய பெயருக்கு ஓர் இணையைத் தேடுகின்றனர். மூத்தவள் பெயர் 'இனி' என்று முடிந்தால் இளையவள் பெயரும் அவ்வாறே முடிதல் வேண்டும். மூத்தவன் பெயர் ககரத்தில் தொடங்கினால் இளையவன் பெயரும் அவ்வரிசையிலேயே அமைதல் வேண்டும். எண்கணிதம் பார்ப்பவர் கூறும் கூட்டுத்தொகையும் பிறந்த விண்மீனுக்குரிய எழுத்தும் இதற்கு இடம் கொடுத்துவிட்டால் வீட்டார் அடையும் மகிழ்ச்சிக்கு அளவில்லை. இவ்வாறு உடன்பிறந்தார் பெயர்கள் ஒன்றோடொன்று இயைந்திருத்தல் வேண்டுமா என்னும் வினா சிலருக்குச் சிறியதாகத் தோன்றலாம். தமிழ்ப்பள்ளியின் பெயர்ப்பதிவேட்டோடு முப்பதாண்டுக் காலம் வாழ்ந்துவிட்ட எனக்கு அது அவ்வளவு சிறியதாகத் தோன்றவில்லை.

இலக்கணம் கற்பிப்போர்க்கு இவ்வழக்கத்தை விளக்குதல் எளிது. முதலெழுத்து ஒன்றிவரின் மோனை. இரண்டாமெழுத்து ஒன்றிவரின் எதுகை. இறுதி ஒன்றிவரின் இயைபு. நம் வீடுகளில் மோனையும் இயைபும் மிகுதி. எதுகை அருகியே வருகிறது. (யாப்பிலக்கணம் பயிலாமையே அதற்குக் காரணம் என்று என் நண்பரான தமிழாசிரியர் ஒருவர் வருந்துவதுண்டு.) செவிக்கு இனிமை தருவதை யாரும் குறை கூறார். ஆயினும், தொடைக்காகவே சொல்லைத் தேடும் புலவன் பொருளைக் கைவிட நேர்வது போலப் பெற்றோர்க்கும் நேர்கிறது. மகளுக்கு நிலா என்று அழகாகப் பெயரிட்ட ஒரு தந்தை, அடுத்த குழந்தைக்கும் 'லா' என்று முடியும் பெயரே வேண்டுமென என்னிடம் வந்தார். இருவரும் அரைமணி நேரம் முயன்றோம். கிட்டியவை பலா, விலா, உலா என்பனவே. சிற்றிலக்கிய வகையொன்றின் பெயரைப் பிள்ளைக்குச் சூட்ட அவர் உடன்படவில்லை. இறுதியில் எம்மொழியிலும் பொருளில்லாத ஓர் ஒலியை வைத்தார். அக்குழந்தை இப்போது என் பள்ளியில் படிக்கிறாள். தன் பெயருக்குப் பொருள் கூறுக என்னும் கட்டுரைப் பயிற்சியில் அவள் எழுதியது ஒரே வரி: அது தன் அக்காள் பெயரைப் போன்றது.

நம் முன்னோர் பெயரிட்ட முறை வேறு. பேரன் என்பது பெயரன் என்னும் சொல்லின் திரிபு. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். தலைமகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரும் அடுத்தவனுக்குத் தாய்வழிப் பாட்டன் பெயரும் வைத்தல் பல குடும்பங்களில் வழக்கமாயிருந்தது. அம்முறையில் அண்ணன் பெயரும் தம்பி பெயரும் ஒலியால் ஒன்றுபட வழியில்லை. பெயர் மூத்தோரிடமிருந்து இளையோர்க்கு இறங்கி வந்ததேயன்றி, உடன்பிறந்தார்க்கிடையே பரவவில்லை. மாமனார் பெயரை வாயால் சொல்லக்கூடாத மருமகள் அப்பிள்ளையை வேறொரு பெயரால் அழைப்பாள். தோட்டப்புறங்களில் பதிவேட்டில் ஒரு பெயரும் லயத்தில் மற்றொரு பெயருமாகப் பலர் வாழ்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால், அக்காலத்தில் உடன்பிறந்தார் பெயர்கள் ஒன்றையொன்று அறியாமல் இருந்தன என்றும் சொல்வதற்கில்லை. ஒலியால் இணையாதவை பொருளால் இணைந்தன. அவ்விணைப்புச் சில வேளைகளில் கொடியதாகவும் இருந்தது. முன்பிறந்த குழந்தைகள் தொடர்ந்து இறந்துபோன வீட்டில், அடுத்துப் பிறந்ததைக் குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்பன் என்றோ குப்பம்மாள் என்றோ அழைத்தனர். பிச்சை என்று பெயரிட்டோரும் உண்டு. இழிந்த பெயருடைய பிள்ளையைக் கூற்றுவன் விரும்பான் என்பது அவர்தம் நம்பிக்கை. அப்பெயரைத் தாங்கியவர் தாம் காணாத அண்ணன்மாரின் இறப்பையும் சேர்த்தே வாழ்நாள் முழுவதும் சுமந்தார். இதனினும் என்னை வருத்துவது வேறொன்று. பெண்மகவு அடுத்தடுத்துப் பிறந்த வீட்டில் கடைசிப் பெண்ணுக்குப் போதும்பொண்ணு என்றும் வேண்டாம் என்றும் பெயரிட்ட வழக்கத்தை நாம் அறிவோம். நான் பிறந்த தோட்டத்தில் என் தாயாரோடு பால்மரம் வெட்டிய ஓர் அம்மையாருக்கு அத்தகைய பெயர் இருந்தது. அவருக்கு அக்காள்மார் மூவர். மூவர்க்கும் தெய்வப் பெயர்கள். அவர் பெயர் மட்டும் அவரைப் பற்றியதன்று. மற்ற மூவரைப் பற்றியது. யாரேனும் அவரை உரக்க அழைக்கும்போதெல்லாம் ஒரு குடும்பத்தின் சலிப்பு லயம் முழுவதும் ஒலித்தது. சிறுவர்களாகிய நாங்கள் அப்பெயரைக் கேட்டுச் சிரித்திருக்கிறோம். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கு நாணமாக இருக்கிறது.

சங்க காலத்திலும் உடன்பிறப்பைச் சுட்டும் பெயர்கள் இருந்தன. தமையனின் பெயரோடு 'இளம்' என்னும் அடையைச் சேர்த்துத் தம்பிக்குப் பெயராக வழங்கினர். கண்டீரக்கோப்பெருநள்ளியின் தம்பி இளங்கண்டீரக்கோ. முதிரமலைத் தலைவன் குமணனின் தம்பி இளங்குமணன். இவற்றினும் இயைந்த பெயர்களை நாம் எங்கே காண்போம்? ஆயினும், அந்த இளங்குமணனே தமையனின் நாட்டைக் கவர்ந்தான். காட்டில் மறைந்து வாழ்ந்த தமையனின் தலைக்கு விலையும் வைத்தான். பாடி வந்த பெருந்தலைச் சாத்தனாருக்குக் கொடுக்கப் பொருளின்றி, தன் தலையைக் கொண்டு பரிசில் பெறுக என்று குமணன் தன் வாளையே நீட்டிய செய்தியைப் புறநானூறு கூறுகிறது. மாணவர்க்கு இப்பாடலைக் கற்பிக்கும்போது நாம் குமணனின் கொடையைப் புகழ்வதோடு நின்றுவிடுகிறோம். இளங்குமணனைப் பற்றி எவரும் வினவுவதில்லை. பிறந்த நாள் முதலாகக் குமணன் என்னும் பெயருக்கு முன்னே ஒரு சிறுமை அடையைத் தாங்கியவன் அவன். பெயர்தான் அவனைப் பகைவனாக்கியது என்று நான் சொல்ல மாட்டேன். அவ்வாறு சொல்வது அறியாமை. ஏனெனில், சிலப்பதிகார ஆசிரியரைப் பற்றி வழங்கும் மரபு இதற்கு நேர்மாறானது. அரியணை இளையவனுக்கே உரியது என்று நிமித்திகன் கூறக் கேட்டு, தமையன் செங்குட்டுவனின் உள்ளம் புண்படலாகாது என்று துறவு பூண்டவர் இளங்கோ. அவர் பெயரிலும் அதே 'இளம்' நிற்கிறது.

பெரியபுராணத்தில் அப்பூதியடிகள் வரலாறு இன்னும் வியப்பானது. தாம் நேரிற் கண்டிராத திருநாவுக்கரசர்மீது கொண்ட அன்பினால் அவர் தம் மக்கள் இருவர்க்கும் அப்பெயரையே இட்டார். ஒருவன் மூத்த திருநாவுக்கரசு. மற்றவன் இளைய திருநாவுக்கரசு. வீட்டிலிருந்த அளவுகருவிகளுக்கும் அதுவே பெயர். வாழைக்குருத்து அரியச் சென்று பாம்பு தீண்டி வீழ்ந்த மூத்தவனை அப்பர் உயிர்ப்பித்ததைப் படிக்கும்போது கண்ணீர் பெருகுகிறது. எனினும், வகுப்பில் ஒரு மாணவி என்னைக் கேட்டாள்: "ஐயா, மரக்காலுக்கும் மகனுக்கும் ஒரே பெயர் என்றால், அந்த மகனுக்கு வருத்தமாக இருந்திராதா?" அடியார் அன்பின் பெருமையை விரித்துரைத்து நான் விடை கூறினேன். அவள் அமைதியாக அமர்ந்தாள். ஆனால் நான் அவள் வினாவுக்கு விடை கூறவில்லை என்பது எங்கள் இருவர்க்கும் தெரியும். அவள் கேட்டது தந்தையின் அன்பைப் பற்றியன்று, மகனைப் பற்றி.

நம் நாட்டில் உடன்வாழும் பிற இனத்தாரிடமும் இவ்வினாவிற்கு விடை தேடலாம். சீனர் பெயர் பெரும்பாலும் மூன்று எழுத்துகளால் ஆனது. முதலாவது குடிப்பெயர். எஞ்சிய இரண்டில் ஒன்றைத் தலைமுறைப் பெயராகக் கொண்டு, உடன்பிறந்தாரும் பங்காளிப் பிள்ளைகளும் பகிர்ந்துகொள்ளும் மரபு நெடுங்காலம் இருந்தது. இப்போது குறைந்து வருகிறது. தலைமுறைதோறும் வரவேண்டிய எழுத்துகளை ஒரு பாடலாகவே அமைத்துவிட்டுச் சென்ற குலமுன்னோரும் உண்டு. ஆக, மூன்றில் இரண்டு பொது, ஒன்றே தனி. மலாய்க்காரர் வீடுகளில் இரட்டை ஆண்மக்கள் பிறந்தால் ஹசான், ஹுசேன் என்று பெயரிடுவதைக் கண்டிருக்கிறோம். அவை நபிகள் நாயகத்தின் பேரர் இருவர் பெயர்கள். அரபு மொழியில் ஹுசைன் என்பது ஹசன் என்பதன் குறுமை வடிவம். நம் 'இளம்' போன்றதே. ஆனால் 680ஆம் ஆண்டில் கர்பலாவில் உயிர்நீத்த ஹுசைனின் பெயரைக் கேட்கும் எவரும் அதனை ஒரு குறுமைச் சொல்லாக எண்ணுவதில்லை.

இவற்றையெல்லாம் நோக்கும்போது எனக்கு ஒரு வேறுபாடு புலப்படுகிறது. பெயரைப் பகிர்தல் வேறு. ஒரு பெயர் மற்றொன்றின்மீது சாய்ந்து நிற்றல் வேறு. சீனக் குடும்பத்து அண்ணனும் தம்பியும் ஒரே எழுத்தைச் சமமாகப் பகிர்கின்றனர். எவர் பெயரும் மற்றவர் பெயரிலிருந்து பிறந்ததன்று. போதும்பொண்ணு என்னும் பெயரோ அக்காள்மார் இல்லையேல் பொருளற்றது. பகிர்வதில் தீங்கு காணேன். சாய்ந்து நிற்கும் பெயரில்தான் நாம் எண்ணிப்பார்க்க வேண்டியது உள்ளது.

அன்றியும், மலேசியத் தமிழராகிய நம் பெயரில் பகிரும் பகுதி ஏற்கெனவே இருக்கிறது. பிறப்புப் பத்திரத்தில் அ/லெ, அ/பெ என்னும் குறியீடுகளை அடுத்து நிற்கும் தந்தை பெயர் பிள்ளைகள் அனைவர்க்கும் பொது. (தோட்டத்துக் கிராணியார் காதில் விழுந்தவாறு எழுதிக்கொடுத்த காலத்தில் அதுவும் அண்ணனுக்கு ஒரு விதமாகவும் தம்பிக்கு வேறு விதமாகவும் அமைந்து, பின்னாளில் ஒருதந்தை மக்கள் என்று மெய்ப்பிக்க அலைந்தவர்களை நான் அறிவேன்.) குறியீட்டுக்கு முன்னே நிற்பது மட்டுமே பிள்ளையின் சொந்தப் பொருள். அதையும் உடன்பிறந்தாரோடு பங்கு போட வேண்டுமா என்று கேட்கத் தோன்றுகிறது.

பொருளால் இணைத்து, ஒவ்வொன்றையும் தனித்து நிற்கவிட்டதற்கு ஒரு சான்று உண்டு. தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலையடிகள் தம் ஆண்மக்களுக்குச் சைவ சமயக் குரவர் நால்வரின் பெயர்களை இட்டார். திருஞானசம்பந்தம், திருநாவுக்கரசு, சுந்தரமூர்த்தி, மாணிக்கவாசகம் என்னும் இப்பெயர்களில் ஓசை ஒற்றுமை சிறிதும் இல்லை. எனினும் நால்வரும் ஒரு தொகுதி. 1916ஆம் ஆண்டையொட்டி அடிகள் தம் பெயரைத் தமிழாக்கியபோது மக்கள் பெயர்களும் மாறின: அறிவுத்தொடர்பு, அழகுரு, மணிமொழி. திருநாவுக்கரசு மட்டும் முன்னரே தமிழாயிருந்தமையால் மாறவில்லை. இப்புதுப்பெயர்களைக் கேட்பவர்க்கு நால்வர் நினைவு எளிதில் வாராது. தொகுதி மறைந்தது, பெயர்கள் நின்றன. ஒருவர் பெயரை நீக்கினாலும் மற்றவர் பெயர் முழுமையாகவே இருக்கும்.

இவ்வளவும் எழுதும் நான் என் வீட்டில் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பயிற்சிக் கல்லூரியிலிருந்து சங்க இலக்கியக் காதலோடு வெளிவந்த காலம் அது. மூத்த மகனுக்கு ஒரு பாண்டிய மன்னன் பெயரை இட்டேன். இரண்டாமவன் பிறந்தபோது சற்றும் தயங்காமல் அதே பெயருக்கு முன் 'இளம்' என்பதைச் சேர்த்தேன். உறவினரும் நண்பரும் பாராட்டினர், பெருமிதம் கொண்டேன். இளையவனுக்குப் பதினேழு வயதாகியபோது, ஒருநாள் உணவருந்திக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து, "அப்பா, அண்ணன் பிறக்காமல் இருந்திருந்தால் எனக்கு என்ன பெயர் வைத்திருப்பீர்கள்?" என்று கேட்டான். அவன் குரலில் சினம் இல்லை. உண்மையிலேயே அறிந்துகொள்ள விரும்பினான். நான் சிறிது நேரம் எண்ணினேன். அண்ணன் பிறக்காமலிருந்தால் அண்ணனின் பெயரையே அவனுக்கு வைத்திருப்பேன் என்பதே உண்மையான விடை. அதை அவனிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவன் மீண்டும் கேட்கவுமில்லை.

அண்ணனும் தம்பியும் இன்றளவும் அன்போடுதான் இருக்கின்றனர். இளையவன் வேறோர் ஊரில் பணிபுரிகிறான். அவனுடைய நண்பர்கள் அவன் பெயரைச் சுருக்கி 'இளா' என்று அழைக்கின்றனர். தொலைபேசியில் அவனும் தன்னை அப்படியே அறிவிக்கிறான். முதலில் எனக்கு அது பிடிக்கவில்லை. மன்னன் பெயர் போய்விட்டதே என்று கடிந்தேன். பிறகுதான் உணர்ந்தேன், அண்ணனிடம் இல்லாத பகுதி அது ஒன்றே என்று.

அண்மையில் என் பழைய மாணவி ஒருவர், இப்போது தாமே ஆசிரியை, இரண்டாவது பெண் குழந்தையோடு எங்கள் வீட்டிற்கு வந்தார். மூத்தவள் பெயருக்குப் பொருந்துமாறு ஒரு தமிழ்ப்பெயர் சொல்லுங்கள் ஐயா என்றார். பல பெயர்கள் எழுதி வைத்திருந்தார். எல்லாம் ஒரே எழுத்தில் முடிந்தன. அத்தாளை மடித்து வைத்துவிட்டு, முதற்பெண் பிறவாதிருந்தால் இவளை என்னவென்று அழைத்திருப்பீர்கள் அம்மா என்று கேட்டேன். அவர் குழந்தையின் முகத்தைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கணவரோடு கலந்து சொல்வதாகக் கூறிச் சென்றார். நேற்றுத் தொலைபேசியில் பேசினார். பதிவுக்குரிய நாள் நெருங்கிவிட்டதாம், இன்னும் பெயர் முடிவாகவில்லையாம்.