கல்லூரி வாசலில் இஸ்திகாரா

 

பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வெளியாகிவிட்டால் திருநின்றவூரில் நம்மிடம் வரும் கேள்விகள் மாறிவிடும். மற்ற நாட்களில் பாகப்பிரிவினை, தலாக், ஜகாத் என்று மஸ்அலா கேட்டு வருகிறவர்கள், அந்த இரண்டு மாதமும் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலோடு வருவார்கள். அப்படித்தான் ஒருநாள் அஸருக்குப் பின் ஒரு தந்தை தம் மகனை அழைத்து வந்தார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் வேலை பார்ப்பவர்.

“ஹஜ்ரத், இவனுக்கு இன்ஜினியரிங்கா, பி.காமா? இஸ்திகாரா பார்த்துச் சொல்லுங்கள். நாளைக்குள் கம்ப்யூட்டரில் பதில் போட வேண்டுமாம்” என்றார்.

பையன் தலை நிமிரவில்லை. “தம்பி, நீ தொழுது துஆ கேட்டாயா?” என்றோம்.

“இல்லை ஹஜ்ரத். அத்தா உங்ககிட்ட கேட்டுக்கலாம்னு சொன்னாங்க” என்றான்.

அன்பர்களே! ஜாதகம் பார்ப்பது போல இஸ்திகாரா ‘பார்ப்பது’ என்றொரு பேச்சு நம்மவரிடையே புழங்குகிறது. கனவில் பச்சை தெரிந்தால் செய், சிவப்பு தெரிந்தால் விடு என்று காத்திருப்போரும் உண்டு. புகாரி ஷரீஃபில் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸில் கனவும் இல்லை, நிறமும் இல்லை. குர்ஆனின் ஸூராவைக் கற்றுத் தரும் அதே அக்கறையோடு நாயகம் (ஸல்) அவர்கள் இதைத் தோழர்களுக்குக் கற்றுத் தந்தார்கள். காரியத்தை நாடியவர் ஃபர்ளு அல்லாத இரண்டு ரக்அத் தொழுகிறார். தம் தீனுக்கும் வாழ்வுக்கும் முடிவுக்கும் அது நல்லதாயின் எளிதாக்கித் தரவும், கெட்டதாயின் அகற்றிவிடவும் கேட்கிறார். கடைசியில், எது நன்மையோ அதில் தம் மனத்தைப் பொருந்தச் செய்யுமாறு இறைஞ்சுகிறார். இந்தக் கடைசி வேண்டுதலைத்தான் நாம் கவனிக்காமல் ஓதிவிட்டு எழுந்துவிடுகிறோம்.

மூன்று நான்கு வருடம் ரயிலேறப் போகிறவன் மகன். ஆகவே அவன்தான் தொழ வேண்டும். துஆச் செய்யச் சொல்லுங்கள், மனமாரச் செய்கிறோம். ஆனால் அவனுக்குப் பதிலாக ஹஜ்ரத்தை வக்கீலாக நிறுத்திவிட்டுப் பிள்ளையை வெளியே உட்கார வைப்பது முறையாகாது. பெண்பிள்ளைகள் தொழ இயலாத நாட்களில் துஆவை மட்டும் ஓதினாலும் போதுமென்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

தொழுதாயிற்று, இனி விசாரிக்க வேண்டியதில்லை என்று இருந்துவிடலாமா? உமர் (ரலி) அவர்கள் ஷாமுக்குச் செல்லும் வழியில் ஸர்ஃ என்ற இடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி வந்தது. முஹாஜிர்களை அழைத்து ஆலோசித்தார்கள். இருவிதக் கருத்து வந்தது. அன்ஸாரிகளை அழைத்தார்கள், அங்கும் அப்படியே. பிறகு குறைஷிப் பெரியவர்களை அழைத்தார்கள். அவர்கள் ஒருமுகமாகத் திரும்பிவிடச் சொன்னார்கள். அமீருல் முஃமினீன் அவர்களே மூன்று கூட்டத்தாரிடம் கேட்டிருக்க, நாம் கடைத்தெருவில் ஒரு கல்லூரியின் விளம்பரத் தட்டியைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டிவிடுகிறோம்.

நாம் பதின்மூன்று வயதில் மத்ரஸாவுக்கு அனுப்பப்பட்டவர்கள். கல்லூரி விவரமெல்லாம் ஊரில் படித்த பிள்ளைகளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம். இன்ஜினியரிங் என்றால் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 எனக் கூட்டி 200-க்குக் கணக்கிடுகிறார்கள். கலந்தாய்வு 2018 முதல் இணையவழியில் நடக்கிறது. விருப்பப் பட்டியலில் முதலில் எழுதியது காலியாக இருந்தால் அதையே தந்துவிடுவார்கள். ஆகவே அரைமனதான கல்லூரியை மேலே எழுதிவிட்டுப் பின்னால் அழக் கூடாது. கிடைத்ததை ஏற்றுக்கொண்டே, மேலே எழுதியது காலியானால் மாற்றித் தருமாறு கேட்கவும் வழி வைத்திருக்கிறார்கள். இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகமே வெளியிடுகிறது. இவற்றையெல்லாம் விட, அங்கே இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பையனிடம் அரை மணி நேரம் பேசினால் அதிகம் தெரியும்.

கலைக் கல்லூரி என்றால் நம் ஊரிலிருந்து மூன்றாவது நிலையத்தின் பெயரே ‘இந்துக் கல்லூரி’. 1969-ல் தொடங்கிய பட்டாபிராம் கல்லூரியின் பெயர் அது. பெயரைக் கேட்டுத் தயங்கும் பெற்றோரிடம் நாம் சொல்வது, 1951-ல் நம் பெரியோர்கள் சென்னையில் தொடங்கிய நியூ காலேஜில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்களே என்பதுதான். பொன்னேரியிலும் திருத்தணியிலும் அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. கட்டணம் மிகக் குறைவு. ராயப்பேட்டைக்குப் போவதாயின் சென்ட்ரல் வரை ரயில், பிறகு பஸ். லுஹரும் அஸரும் எங்கே தொழுவது என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வட்டிக்கு வாங்கி நன்கொடை கட்டி இடம் பிடிக்கலாமா என்று இஸ்திகாரா செய்வதாக ஒருவர் சொன்னார். ஹராமுக்கு ஏது இஸ்திகாரா? அந்த நன்கொடையைத் தமிழக அரசின் சட்டமும் 1992-லேயே தடுத்துவிட்டது.

சேர்ந்த பிறகு வரும் சோதனை வேறு. இதில் நாமே செய்த பிழையொன்றைச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் மஃரிபுக்குப் பின் வந்தான். இஸ்திகாரா செய்துதான் சேர்ந்ததாகவும், எட்டுப் பாடத்தில் அரியர் விழுந்துவிட்டதாகவும் சொல்லி, விட்டுவிட்டு வேறு படிக்கட்டுமா என்று கேட்டான். அல்லாஹ்விடம் கேட்டுச் சேர்ந்ததைக் கைவிடலாமா, ஸப்ரு செய் என்று இரண்டு வார்த்தையில் அனுப்பிவிட்டோம். மேலும் ஒன்றரை ஆண்டு அதிலேயே கிடந்தான். பிறகு பள்ளிக்கு வருவதையும் நிறுத்திவிட்டான். தன் துஆவை அல்லாஹ் தள்ளிவிட்டதாக அவன் எண்ணிக்கொண்டது, அவனுடைய தாயார் சொல்லி நம் வீட்டாருக்குத் தெரிய வந்தது. அன்றிரவு நமக்கு உறக்கமில்லை.

உமர் (ரலி) அவர்கள் வரலாற்றின் மறுபாதியை அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும். திரும்பிவிடத் தீர்மானித்ததும் அபூ உபைதா (ரலி) அவர்கள், இது அல்லாஹ்வின் கத்ரிலிருந்து ஓடுவதாகாதா என்று கேட்டார்கள். ஒரு கத்ரிலிருந்து இன்னொரு கத்ருக்குத்தான் போகிறோம் என்று விளக்கிய உமர் (ரலி) அவர்கள், ஒருபுறம் பசுமையும் மறுபுறம் வறட்சியுமான பள்ளத்தாக்கில் ஒட்டகம் மேய்ப்பவனை உதாரணம் காட்டினார்கள். அவன் எந்தப் பக்கம் மேய்த்தாலும் அது கத்ருதானே! ஆக, கல்லூரி மாறுவதோ படிப்பை மாற்றுவதோ இஸ்திகாராவை மீறுவதன்று. துஆவில் கேட்டது தீனுக்கும் வாழ்வுக்கும் முடிவுக்குமான நன்மை. இரண்டாம் ஆண்டு அரியர் எப்படி முடிவாகும்? மாறுகிறவனின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாதென்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் அறிவித்திருப்பதையும் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது.

அந்த வாலிபனைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டோம். இப்போது ஆவடியில் ஒரு மொபைல் கடையில் இருந்துகொண்டு தபால்வழியில் படிக்கிறான். ஜும்ஆவுக்கு வருகிறான், ஐவேளைக்கு இன்னும் வரவில்லை.

‘அப்படிச் செய்திருந்தால் இப்படி ஆகியிருக்குமே’ என்ற பேச்சு ஷைத்தானுக்கு வாசல் திறந்துவிடும் என்று முஸ்லிம் ஷரீஃபில் வருகிறது. அதை மட்டும் எடுத்துச் சொல்கிறோம். பயன் தருவதை ஆசையோடு தேடு, சோர்ந்து உட்காராதே என்ற பொருளில் அதே ஹதீஸின் முன்பகுதி இருப்பதை விட்டுவிடுகிறோம்.

லேத் வேலை பார்ப்பவரின் மகனுக்கு அன்று மாலையே துஆவை எழுதிக் கொடுத்தோம். அவனுக்குக் கணிதத்தில் விருப்பமில்லை என்பதை அத்தாவிடம் சொல்ல அஞ்சியிருந்ததும் அப்போதுதான் வெளிவந்தது. அடுத்த ஜும்ஆவில் தந்தை வந்து ஸலாம் சொன்னார். மகன் பி.காம். சேர்ந்துவிட்டானாம். முகத்தில் இன்னும் ஒரு வாட்டம் இருந்தது. “இன்ஜினியரிங்கில் போட்டிருந்தால்…” என்று தொடங்கியவர், நம் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “பஸ் பாஸுக்கு எங்கே எழுதிக் கொடுக்க வேண்டும் ஹஜ்ரத்?” என்று கேட்டார்.