செய்தவரும் தெரிந்தெடுத்தவரும்

கடையில் விலைக்கு வாங்கிய ஒரு பொருளை, உளியோ தூரிகையோ அதிற் படாமல், அப்படியே எடுத்துச் சென்று கலைக்கூடத்தில் வைத்தால் அது கலைப்படைப்பு ஆகிவிடுமா? ஆகாது என்று நம்மிற் பெரும்பாலோர் உடனே சொல்லிவிடுவோம். ஆகும் என்று சொல்பவர்களோ நூறு ஆண்டுகளுக்கு மேலாக இருந்து வருகின்றனர். உலகின் பெரிய நூதனசாலைகள் அவர்கள் பக்கமே நிற்கின்றன. இரு சாராரும் ஒருவரையொருவர் எள்ளி நகையாடுவதோடு விவாதம் முடிந்துவிடுவது வழக்கம்.

ஆனால் இக்கேள்விக்குள் அறம் சார்ந்த இன்னொரு கேள்வி மறைந்திருக்கிறது. ஒரு பொருளால் வரும் பெருமை யாரைச் சேர வேண்டும்? அதைச் செய்தவரையா, அதைத் தெரிந்தெடுத்துப் பிறர் கண்முன் வைத்தவரையா? இதனைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

நியூயோர்க்கில் எழுந்த வழக்கு

பிரான்சு நாட்டில் 1887இல் பிறந்த மார்செல் டுஷாம் ஓவியராகப் பெயர் பெற்றவர். 1913இல் அவர் ஒரு சைக்கிள் சில்லைச் சமையலறை ஸ்ரூல் ஒன்றின் மேல் பொருத்தி வைத்தார். 1914இல் பாரிசிலுள்ள பெருங்கடை ஒன்றில், கழுவிய போத்தல்களைக் கவிழ்த்து உலர்த்தும் இரும்புச் சட்டம் ஒன்றை வாங்கினார். 1915இல் நியூயோர்க் சென்றதும் பனி அள்ளும் சவள் ஒன்றை வாங்கித் தம் பெயரை அதில் எழுதினார்.

1917 ஏப்ரலில் அந்நகரிலே சுயாதீனக் கலைஞர் சங்கம் ஒரு பெரிய கண்காட்சியை நடத்தியது. ஆறு டொலர் கட்டணம் செலுத்திய எவரும் தம் படைப்பை வைக்கலாம், தேர்வுக் குழுவும் இல்லை, பரிசும் இல்லை என்பது விதி. அங்கே 'ஆர். மற்' என்ற கையொப்பத்துடன் ஒரு பொருள் வந்து சேர்ந்தது. ஆண்கள் கழிப்பறைச் சுவரிற் பொருத்தும் பீங்கான் கலம் அது. அதை மல்லாத்தி வைத்து 'நீரூற்று' என்று பெயரும் இட்டிருந்தார்கள். சங்கத்தின் நிருவாகிகள் கூடி விவாதித்து, விதி எதுவாயினும், அதனைக் காட்சிக்கு வைக்க மறுத்துவிட்டனர். நிருவாகிகளுள் ஒருவராயிருந்த டுஷாம் தம் பதவியைத் துறந்தார். புகைப்படக் கலைஞர் அல்பிரட் ஸ்ரீக்லிற்ஸ் அக்கலத்தைப் படம் பிடித்து வைத்தார். அதன் பின் அது தொலைந்தே போயிற்று.

அடுத்த மாதம் டுஷாமும் நண்பர்களும் நடத்திய சிறு சஞ்சிகை ஒன்று இதற்காக வாதாடியது. கலத்தைத் தம் கையாற் செய்தாரா இல்லையா என்பது முக்கியமன்று. அவர் அதைத் தெரிந்தெடுத்தார். அன்றாடப் பயன் மறையும்படி வைத்து அதற்குப் புதியதொரு கருத்தைப் படைத்தார் என்பதே வாதத்தின் சாரம். தெரிந்தெடுத்தவர் யார் என்பதிலும் இன்று கருத்து வேறுபாடு உண்டு. ஒரு பெண் நண்பரே அதை ஆணின் புனைபெயரில் அனுப்பியதாக அதே ஏப்ரலில் டுஷாம் தம் சகோதரிக்கு எழுதியிருந்தார். ஆராய்ச்சியாளர் இதைப் பற்றி நூல்கள் எழுதுகின்றனர். அந்தப் பீங்கானை வார்த்துச் சூளையில் இட்டவர் யார் என்று கேட்டு எழுதுவோரைக் காண்பது அரிது.

வாதத்தில் உள்ள உண்மை

இவ்வாதத்தை வெறும் குறும்பு என்று ஒதுக்குவது நேர்மையாகாது. தெரிந்தெடுப்பதும் ஒரு செயலே. ஆயிரம் பேர் கடந்து போகும் தெருவில் ஒரு முகத்தைக் கண்டு நின்று படம் பிடிப்பவர் அந்த முகத்தைப் படைக்கவில்லை. எனினும் அவர் நிற்காவிட்டால் நாம் அதைக் கண்டிருக்க மாட்டோம். பார்க்கச் செய்வதும் ஒரு கொடைதான்.

மேலும், பொருளைத் தாம் உருவாக்கியதாக டுஷாம் உரிமை கொண்டாடவில்லை. அழகைக் கருதித் தாம் அவற்றைத் தெரிந்தெடுக்கவில்லை என்றும் 1961இல் அவரே விளக்கினார். கலைஞனின் கையையும் கையொப்பத்தையும் உலகம் ஏன் இவ்வளவு போற்றுகிறது என்பதே அவர் எழுப்பிய ஐயம். ஆனால் நடந்தது என்ன? 1964இல் அவருடைய இசைவுடன் 'நீரூற்று' மீண்டும் செய்யப்பட்டது. ஸ்ரீக்லிற்ஸின் புகைப்படத்தைப் பார்த்து, மட்பாண்டமாக எட்டுப் பிரதிகளை இத்தாலியில் ஆக்குவித்தனர். தொழிற்சாலைப் பொருள் ஒன்றுக்கு இப்போது கைவினைஞர் தேவைப்பட்டனர்! அவர்கள் பெயர்கள் பார்ப்போருக்குத் தெரியாது. நூதனசாலைகள் பேணுவது டுஷாமின் பெயரைத்தான். கையொப்பத்தின் மீதிருந்த பக்தியைக் குலைக்கப் புறப்பட்ட பொருளே கையொப்பத்தால் விலை பெற்றது.

ஒரே பெட்டி, இரு பெயர்கள்

அதே 1964இல் நியூயோர்க்கில் அன்டி வோர்ஹோல் ஒரு கண்காட்சி வைத்தார். சட்டி பானை தேய்க்கும் 'பிறில்லோ' என்னும் சவர்க்காரக் கம்பிப் பஞ்சுகளைக் கடைகளுக்கு அனுப்பும் அட்டைப் பெட்டியை அவர் ஒட்டுப்பலகையிற் செய்வித்து, அதே எழுத்துக்களையும் நிறங்களையும் பதித்து அடுக்கியிருந்தார். அதைக் கண்ட தத்துவ அறிஞர் ஆதர் டான்ரோ, ஒத்த தோற்றமுடைய இரு பெட்டிகளுள் ஒன்று கலையாகவும் மற்றது சரக்காகவும் இருப்பது எதனால் என்று வினவினார். வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதில் இல்லை, அதைச் சூழ்ந்துள்ள கொள்கையிலும் வரலாற்றிலும் உள்ளது என்பது அவர் கண்ட விடை. கூர்மையான விடைதான்.

ஆயினும் அந்த அட்டைப் பெட்டி தானாக முளைத்ததன்று. அதை வரைந்தவர் ஜேம்ஸ் ஹார்வி. அவரும் ஓர் ஓவியரே. வயிற்றுப்பாட்டுக்காகப் பகலில் விளம்பரப் பெட்டிகள் வரைந்தார். 1965இல், நாற்பது வயதை எட்டுமுன்பே, இறந்துபோனார். வோர்ஹோலின் பிறில்லோ பெட்டிகளுள் 1969இல் 1,000 டொலருக்கு வாங்கப்பட்ட ஒன்று, 2010 நவம்பரில் 30 இலட்சம் டொலருக்கு மேல் ஏலம் போயிற்று. ஹார்வியின் அட்டைப் பெட்டிகளோ வெறுமையானதும் குப்பைக்குப் போயின. பிற்காலத்தில் டான்ரோ, பெட்டியின் கண்கவர் வனப்பு ஹார்விக்கே உரியது என்று எழுதினார். அது பாராட்டத்தக்க நேர்மை.

"ஹார்விக்குத்தான் சம்பளம் கொடுத்தாயிற்றே, அதற்கு மேல் அவருக்கு என்ன கடன்?" என்று சிலர் கேட்கலாம். கூலி கொடுத்ததும் கூலிக்கடன் தீர்ந்தது உண்மை. ஆனால் ஒருவர் தம் அறிவையும் கைத்திறனையும் ஒரு பொருளில் வைக்கும்போது, அதைப் பயன்படுத்துவோர் 'இதை ஒருவர் செய்தார்' என்று உணர்வதாகிய கடன் மிஞ்சி நிற்கிறது. பணத்தால் அதைத் தீர்க்க இயலாது.

வேறொரு வழி

இரண்டுக்கும் இடமளிக்க முடியும் என்பதற்கு முன்னுதாரணம் உண்டு. 1934இல் நியூயோர்க் நவீன கலை நூதனசாலையிலே பிலிப் ஜோன்சன் 'இயந்திரக் கலை' என்னும் கண்காட்சியை அமைத்தார். சுருள்விற்கள், போல் பெயரிங்குகள், படகுச் சுழலி, ஆய்வுகூடக் குடுவைகள், சமையற் பாத்திரங்கள் என்பன சிற்பங்களைப் போல் மேடைகளில் வைக்கப்பட்டன. அங்கும் ஒருவர் தெரிந்தெடுத்தார். ஆனால் விபரப் பட்டியல் பொருளைச் செய்த கம்பனியின் பெயரையும், தெரிந்தவிடத்து அதை வடிவமைத்தவர் பெயரையும், விலையையுங்கூடக் குறிப்பிட்டது. காட்டியவர் செய்தவரை மறைத்துக்கொண்டு நிற்கவில்லை.

ஆகவே தொடக்கத்திற் கேட்ட கேள்விக்கு நாம் இவ்வாறு விடை கூறலாம். அன்றாடப் பொருளைக் கலைக்கூடத்தில் வைப்பது பிழையன்று. பழக்கத்தால் மங்கிப்போன நம் பார்வையை அது துடைத்துவிடுமானால் நன்மையே. பொருளைச் செய்தவரின் உழைப்பை ஒன்றுமில்லாததாக எண்ணி, காட்டியவரே எல்லாம் என்று கொள்வதுதான் பிழை. பார்க்கக் கற்றுத் தந்தவருக்கு நன்றி சொல்வோம். பார்ப்பதற்கு ஒரு பொருளைத் தந்தவரையும் மறவாதிருப்போம்.

இதற்கு நாம் நியூயோர்க் போக வேண்டியதில்லை. நம் சமையலறையிலுள்ள அகப்பையையோ, மேசையிலுள்ள தேநீர்க் கோப்பையையோ கையில் எடுத்து, பிடி ஏன் இப்படி வளைந்திருக்கிறது, விளிம்பு ஏன் இப்படி மழுங்கியிருக்கிறது என்று நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்க்கலாம். அவர்கள் விடை தேடும்போது, முகந்தெரியாத ஒருவர் நம் கைக்கும் உதட்டுக்கும் இசைவாக இதை எண்ணிச் செய்திருக்கிறார் என்பதைத் தாமே கண்டுகொள்வார்கள். பொருட்களை எளிதாக வாங்கி எளிதாக வீசிவிடும் இக்காலத்திலே, அந்த ஒருவரை நினைக்கப் பழகிய பிள்ளை, பொருளையும் மனிதரையும் மதிக்கப் பழகும் அல்லவா?