ஒரு வாய்த் தண்ணீர்

"ஏனுங் சிஸ்டர், வாசலுக்கு வர்ற நாய்க்கே தண்ணி வெக்கறோம். பெத்தவளுக்குக் குடுக்காதீங்கன்னு சொல்றீங்களே, இது அடுக்குமா?"

ராசிபுரம் பக்கம் பக்கவாதத்தில் படுத்திருந்த ஓர் அம்மாவின் மகள் கேட்டார். மக்களைத் தேடி மருத்துவத்தில் ஆதரவுச் சிகிச்சைச் செவிலியராக வீடு வீடாகப் போகிற எனக்கு, இதைவிடக் கனமான கேள்வி வந்ததில்லை. தண்ணீர்ப் பந்தல் வைத்துப் புண்ணியம் தேடுகிற ஊர் இது.

அம்மாவை நிமிர்த்தி உட்காரவைத்து, குரல்வளைமேல் விரல் வைத்தபடி ஒரு தேக்கரண்டி தண்ணீர் கொடுத்தேன். குரல்வளை தாமதமாக, பாதிதான் ஏறி இறங்கியது. இருமவில்லை. பேர் சொல்லச் சொன்னால் குரல் களகளவென்று ஈரமாக வந்தது; தண்ணீர் வழிதவறியதன் அடையாளம் அது. மூச்சுக்குழாயில் இறங்கியதை வெளியே தள்ளும் இருமல்கூடப் பலருக்கு வராது. காய்ச்சலும் மூச்சிரைப்பும் கண்ட பிறகே நிமோனியா என்று தெரியும். அதே அம்மா, தண்ணீரைவிடக் கெட்டியான, வடிகட்டிய ராகிக் கூழைத் தாடை தாழ்த்தி நிதானமாக விழுங்கினார்.

நாமக்கல் நரசிம்மர் சன்னதியில் தீர்த்தம் உத்தரணியில்தான் கிடைக்கிறது. சொம்பு நிறையத் தரவில்லையே என்று யாரும் குறைப்படுவதில்லை. கொடுக்கிற கை நிறைவதற்காக வாங்குகிற உடம்பு மூச்சுத் திணறினால் அது தர்மமாகாது என்றுதான் நான் நம்புகிறேன். மகளிடம் அதைச் சொன்னேன்.

வாய்ச் சுத்தமும் அதே அளவு முக்கியம். ஜப்பானிய முதியோர் இல்லங்களில், சாப்பிட்டதும் பல் துலக்கிவிடப்பட்டவர்களுக்கு நிமோனியா குறைந்ததை 1999இல் லான்செட் இதழ் வெளியிட்டது. கிருமி மண்டிய எச்சில் நுரையீரலுக்குள் இறங்குவது அவ்வளவு ஆபத்து. மூக்கில் டியூப் போட்டாலும் அந்த எச்சில் நிற்காது.

இதே விழுங்கல் சிரமம் உள்ள மோகனூர் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "தெரியுது கண்ணு. போறது போவட்டும், ஒரு வாய் தண்ணி குடு" என்றார். மகன் மறித்தார். நான் பெரியவர் பக்கம் நின்றேன். நினைவு தெளிந்த மனிதர் தன் உடம்பைப் பற்றித் தானே சொல்லும்போது, பாவ புண்ணியக் கணக்கை நாம் போட முடியாது. வாயைத் துடைத்து, நிமிர்த்தி, கரண்டி கரண்டியாகக் கொடுக்க மகனுக்கே பழக்கினேன். காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரியா, வீடா என்பதையும் பெரியவரிடமே கேட்டு அன்றைக்கே எழுதிக்கொண்டோம்.