பெயர் யாருக்கு உரியது?

குழந்தை பிறந்த வீட்டில் பெயர் வைக்கும் நாள் நெருங்க நெருங்க, தகப்பனாரின் பெயரை முன்னால் வைத்து ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பார்த்து, இது வாய்க்கு இசையவில்லை, அது செவிக்கு நயமாக இல்லை என்று பெரியவர்களும் இளையவர்களும் கூடி விவாதிப்பதைக் கண்டு, என்றோ ஒருநாள் அழியப்போகிற சரீரத்துக்கு இடும் ஓர் ஓசையைப் பற்றி இத்தனை விசாரம் எதற்கு என்று வேதாந்தம் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த அபிப்பிராயம் உடன்பாடன்று. நாமகரணத்தை ஒரு சம்ஸ்காரமாகவே விதித்த சூத்திரகாரர்களும் ஓசையை அலட்சியம் செய்தவர்களல்லர். ஆண் குழந்தையின் பெயர் இரண்டு அல்லது நான்கு அட்சரம் உடையதாய், கோஷமுள்ள எழுத்தில் தொடங்கி, இடையில் ய, ர, ல, வ என்பவற்றில் ஒன்று அமைந்து, நெடிலிலோ விசர்க்கத்திலோ முடியவேண்டும் என்றும், பெண் குழந்தையின் பெயர் ஒற்றைப்பட்ட அட்சரங்களோடு ஆகாரத்தில் முடியவேண்டும் என்றும் பாரஸ்கர கிருஹ்ய சூத்திரம் சொல்கிறது. அழைக்கும் குரல் தடையின்றி நீண்டு ஒலிப்பதற்கு இதைவிட நுட்பமான ஏற்பாடு வேண்டுமா!

ஆனால் மனு ஸ்மிருதியைப் புரட்டும்போது மனம் கசந்துபோகிறது. பெண்களின் பெயர் சுகமாக உச்சரிக்கத்தக்கதாகவும், கடுமையற்றதாகவும், மங்களமாகவும் இருக்கவேண்டும் என்று அழகாகச் சொல்லும் அதே இடத்தில், பிராமணனுக்கு மங்களத்தையும், க்ஷத்திரியனுக்குப் பலத்தையும், வைசியனுக்குத் தனத்தையும் குறிக்கும் பெயரை விதித்துவிட்டு, சூத்திரனுக்கு இழிவைக் குறிக்கும் பெயரை அந்நூல் விதிக்கிறது. கண் திறந்து பத்து நாள் ஆன சிசுவின்மேல் ஆயுள் முழுவதற்கும் தீர்ப்பு எழுதும் இந்தக் காரியத்தைத் தர்மம் என்று ஏற்க என் மனம் ஒருபோதும் இடம் தராது. 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் தொங்கிய சாதிப் பட்டங்களை விட்டுவிடவேண்டும் என்று தீர்மானித்தவர்கள், பெயரில் எத்தனை கொடுமை ஒளிந்திருக்கக்கூடும் என்பதை அறிந்தவர்கள்.

பெயர், அதை உடையவனுக்கு ஏதேனும் செய்கிறதா என்பதே அடிப்படையான கேள்வி. பௌத்தர்களின் ஜாதகக் கதை ஒன்றில், தட்சசீலத்தில் பயின்ற பாபகன் என்னும் மாணாக்கன், பாவத்தைக் குறிக்கும் தன் பெயரை வெறுத்து, நல்ல பெயர் ஒன்றைத் தேடி ஊர் ஊராகப் போகிறான். உயிரோடிருப்பவன் என்னும் பொருளில் ஜீவகன் எனப் பெயர் பெற்றவனைச் சுடுகாட்டுக்குத் தூக்கிச் செல்கிறார்கள். தனபாலி என்ற பெயருடைய அடிமைப் பெண், கூலிப்பணம் கொண்டுவராததற்காக வீட்டு வாசலில் கயிற்றால் அடிபடுகிறாள். வழியை அறிந்தவன் என்று பொருள்படும் பந்தகன் வழி தவறி நிற்கிறான். பெயரில் ஒன்றுமில்லை என்று தெளிந்து, பழைய பெயரோடே பாபகன் ஆசிரியரிடம் திரும்பிவிடுகிறான்.

இதற்கு நேர்மாறாகப் பெரியாழ்வார், காசுக்கும் துணிக்கும் ஆசைப்பட்டு மனிதப் பெயர்களைப் பிள்ளைகளுக்கு இடுகிறவர்களைக் கடிந்து, திருமாலின் நாமத்தை இடுங்கள், நாரணனுக்குத் தாயானவள் நரகம் புகமாட்டாள் என்று பதிகமே பாடியிருக்கிறார். பாகவதத்து அஜாமிளனும் மரணத் தறுவாயில் கூப்பிட்டது வைகுண்டநாதனை அன்று, பத்துப் பிள்ளைகளில் கடைசியான நாராயணனைத்தான். வந்தவர்களோ விஷ்ணு தூதர்கள்.

இவ்விரண்டும் முரண்படுவதாக எனக்குத் தோன்றவில்லை. பாபகன், பெயரைத் தன் சொந்த உடைமையாக எண்ணி, அதனால் தனக்கு வரும் நன்மை தீமைகளைக் கணக்கிட்டான். ஆழ்வார், அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடப்போகும் தாயை நினைத்தார். ஒருவன் தன் பெயரைத் தானே உச்சரிக்கும் சந்தர்ப்பங்கள் அவன் ஆயுளில் மிகச் சொற்பம். அது பிறர் நாவில் வாழ்வது. அதன் பிரயோஜனமும் முதலில் அவர்களுக்கே.

அடுத்தடுத்துக் குழந்தைகளைப் பறிகொடுத்த தாய், பின்னர்ப் பிறந்ததைக் குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பன் என்றாள். தவிட்டைக் கொடுத்து அண்டை வீட்டாரிடம் விலைக்கு வாங்கியதாகப் பாவனை செய்து தவிடன் என்றாள். செவிக்கு இனிமையற்ற அந்தப் பெயர்களை அவள் கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும், இதையாவது எனக்கு விட்டுவை என்று எமனிடம் மன்றாடினாள் அல்லவா? கிராமத்தில் நான்காவதாகப் பிறந்த பெண்ணுக்குப் ‘போதும்பொண்ணு’ என்று பெயரிட்டவர்களையும் நினைத்துப் பார்க்கிறேன். சோறு உண்ண அழைக்கும்போதுகூட, நீ வேண்டாதவள் என்று அவளிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். குப்பன் என்பதும் இழிந்த சொல்தான்; ஆயினும் அதைச் சொன்ன வாயில் அன்பு இருந்தது.

தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு இடும் குடும்பங்களில் சுப்பிரமணியத்தின் மகன் ராமசாமி, ராமசாமியின் மகன் மறுபடியும் சுப்பிரமணியம் என்று, தலைப்பெழுத்தும் பெயரும் தலைமுறைதோறும் இடம் மாறிக்கொள்ளும். பொருத்தம் பார்க்கும் சிரமமே அங்கில்லை. ஆனால் மாமனாரின் பெயரைச் சொல்லக் கூசும் மருமகள், தன் வயிற்றில் பிறந்த பிள்ளையையும் அப்பெயரால் கூப்பிட மாட்டாமல், ஐயா என்றோ ராசா என்றோ அழைத்துக்கொள்வாள். பச்சரிசியில் எழுதி, காதில் மூன்று முறை ஓதிய பெயர் பள்ளிக்கூடத்துப் பதிவேட்டுக்குப் போய்விட, வீட்டில் வழங்கியதெல்லாம் அவள் இட்ட பெயரே. அந்தக் குழந்தைக்கு உண்மையில் நாமகரணம் செய்தவள் அவள்தான் என்பேன்.

ஆகையால், தகப்பன் பெயரோடு இசைகிறதா என்று பார்ப்பதைக் குறைகூற மாட்டேன். கையெழுத்துக்கும் விண்ணப்பத்துக்கும் அது வேண்டியதே. ஆனால் விளக்கு வைக்கும் நேரத்தில் வாசலில் நின்று கூப்பிடுகிறவர்கள் தலைப்பெழுத்தைச் சேர்த்துக் கூப்பிடுவதில்லை. புதுமையை விரும்பி ஷகரமும் க்ஷகரமும் அடுக்கிய ஒரு பெயரைத் தேர்ந்துவிட்டு, அது வாயில் நுழையாத பாட்டி தன் பேரப்பிள்ளையைப் பெயர் சொல்லி அழைக்க முடியாதபடி செய்துவிடுகிறோம். முடிவு செய்வதற்கு முன்னால் அவளையும் இரண்டு தடவை உரக்கக் கூப்பிடச் சொல்லிக் கேட்டுவிட்டு, அதன் பிறகு பச்சரிசியைப் பரப்பலாம்.