பொருள் அறியாமல் இட்ட கட்டளை யாருடையது?

வேத மந்திரங்களுக்குப் பொருளே இல்லை என்று வாதிட்டவர் கௌத்சர். யாஸ்கர் அந்த வாதத்தை, வேதச் சொற்களின் பொருளை ஆராயும் தம் நிருக்தம் என்ற நூலில் எடுத்துச் சொல்லி மறுத்திருக்கிறார். கௌத்சர் காட்டிய காரணங்களில் ஒன்று கவனிக்கத்தக்கது. மந்திரத்தில் சொல்லும் மாறக் கூடாது, சொற்களின் வரிசையும் மாறக் கூடாது; அப்படியானால் பொருளுக்கு அங்கே என்ன வேலை? உலக வழக்கிலும் மாறாத வரிசையில் வரும் தொடர்கள் உண்டு, அதனால் அவை பொருளற்றவை ஆவதில்லை என்பது யாஸ்கரின் விடை. லினக்ஸ் கணினியைக் கட்டளை வரி வழியாக நிர்வகிக்கக் கற்கிறவர் முன்னால் இந்த வழக்கு அப்படியே வந்து நிற்கிறது. அங்கேயும் எழுத்து மாறக் கூடாது, வரிசை பிசகக் கூடாது. யாரோ எழுதிய ஒரு வரியை எடுத்து ஒட்டி என்டர் விசையைத் தட்டினால் காரியம் நடந்துவிடுகிறது. நடக்கும்போது பொருள் எதற்கு என்று கேட்பவர், தம்மை அறியாமலேயே கௌத்சரின் கட்சியில் சேர்ந்துவிடுகிறார். நான் யாஸ்கரின் பக்கம். பொருள் தெரியாமல் இட்ட கட்டளையின் விளைவு நம் தலையில் விழுகிறது. ஆனால் அந்தச் செயலை நம்முடையது என்று சொல்ல முடியாது. கட்டளை வரியைக் கற்பது என்றால், விளைவுக்கும் செயலுக்கும் நடுவே உள்ள அந்தப் பிளவை மூடுவது.

கோப்புகளை அழிக்கும் ஆர்எம் கட்டளையையே எடுத்துக்கொள்வோம். ஒரு வகைக் கோப்புகளை மட்டும் அழிக்க நினைப்பவர், நட்சத்திரக் குறியை இட்டு அதை ஒட்டியே அந்த வகையின் பெயரை எழுதுகிறார். நட்சத்திரத்துக்கும் பெயருக்கும் நடுவே ஓர் இடைவெளி விழுந்துவிட்டால் பொருளே வேறு: முதலில் கோப்புறையில் உள்ள ஏறக்குறைய எல்லாக் கோப்புகளும், பிறகு அந்தப் பெயருள்ள ஒன்றும். இதில் பலர் அறியாத ஒன்று, ஆர்எம் அந்த நட்சத்திரத்தைப் பார்ப்பதே இல்லை என்பது. நாம் தட்டும் வரியை வாங்கிக்கொள்ளும் ஷெல் என்ற நிரல் முன்கூட்டியே அதைக் கோப்புப் பெயர்களாக விரித்து, அந்தப் பட்டியலை ஆர்எம்மிடம் கொடுக்கிறது. ஆர்எம் குப்பைத்தொட்டிக்கு எதையும் அனுப்புவதில்லை. வழக்கமாக உறுதியா என்று கேட்பதும் இல்லை. நினைத்தது எது என்று அதற்குத் தெரியாது. சொன்னது மட்டுமே அதற்குச் சேரும். மனிதரிடம் பேசும்போது நம் எண்ணத்தைக் கேட்பவர் பாதி ஊகித்துக்கொள்வார். இங்கே அந்தத் துணை கிடையாது. சொல்லும் எண்ணமும் ஒன்றாக இருக்க வேண்டிய முழுப் பொறுப்பும் சொல்பவருடையது.

2011இல் பம்பிள்பீ என்ற திறமூல மென்பொருளுக்கு இதுதான் நேர்ந்தது. என்விடியா வரைகலைச் சில்லு உள்ள மடிக்கணினிகளை லினக்ஸில் இயக்க உதவுவது அது. அதன் நிறுவல் நிரலில், அழிக்க வேண்டிய ஒரு பாதையின் நடுவே ஓர் இடைவெளி நுழைந்துவிட்டது. விளைவாக, உள்ளே ஆழத்தில் இருந்த ஒரு சிறு பகுதிக்குப் பதில், கணினியின் பெரும்பாலான நிரல்கள் இருக்கும் யுஎஸ்ஆர் கோப்புறையே அழியும் நிலை வந்தது. தேர்ந்தவருக்கே தவறு நேர்ந்ததே, பொருள் அறிவு எங்கே காப்பாற்றியது என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அறிவு கை தவறுவதைத் தடுக்காது. ஆனால் எழுதியவரால் அந்த வரியைப் பார்த்து, இது என் பிழை என்று சொல்லித் திருத்த முடியும். படிக்காமலே முழு அதிகாரத்தோடு அதை இயக்கியவருக்கு அதுகூட இல்லை. இழப்பு அவருடையது, பிழை என்று ஒப்புக்கொள்ளக்கூட அவருக்கு அங்கே ஒரு செயல் இல்லை. அந்த முழு அதிகாரத்தைத் தரும் சூடோ என்ற கட்டளை 1980இல் எழுதப்பட்டது. முதன்முறை அழைக்கும்போது, தட்டும் முன் யோசி என்ற கருத்தில் அது ஓர் அறிவுரை சொல்வது பல கணினிகளில் வழக்கம். அதை அலங்காரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பொருளை அறிவது எங்கே போய் முடியும்? கட்டளைக்குக் கீழே ஷெல், அதற்குக் கீழே இயங்குதளத்தின் கருவான கெர்னல், அதற்கும் கீழே சில்லுக்குள் ஓடும் மின்னோட்டம். முழுவதும் அறிந்தவர் உலகில் ஒருவரும் இல்லை. எனில் எல்லாரும் ஏதோ ஒரு படியில் நம்பிக்கையின் மேல்தானே நிற்கிறார்கள்? ஆம். ஆனால் செயலுக்குப் பொறுப்பேற்க முழு அறிவு வேண்டியதில்லை. எதன் மேல் கைவைக்கிறோம், அது எதுவரை பரவும், திரும்பப் பெற முடியுமா என்ற மூன்றும் தெரிந்தால் போதும். மருத்துவர் தரும் மருந்தின் வேதியியல் தெரியாமல் விழுங்குகிறவரும், எதற்காக விழுங்குகிறோம் என்று அறிந்திருக்கிறார். தெரிந்து கொடுக்கும் நம்பிக்கை ஒரு செயல். தெரியாமல் கொடுப்பது கைவிடல்.

சுட்டியும் சின்னங்களும் போதுமே, ஏன் இந்தத் தொல்லை என்பவர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. 1984இல் வந்த மெக்கின்டாஷும் அதன் வழிவந்தவையும் கணினியைக் கோடிக்கணக்கானோரிடம் கொண்டுசேர்த்தன. கட்டளைகள் எல்லாம் ஆங்கிலச் சுருக்கங்கள் என்பது தமிழில் மட்டும் படித்தவருக்குக் கூடுதல் சுமை என்பதும் உண்மை. எல்லாரும் கட்டளை வரி முனையத்தைத் திறந்தே ஆக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. திறந்தவர், ஒட்டுவதோடு நின்றுவிடக் கூடாது என்பதே என் வழக்கு. பார்த்துச் செய்து பழகுவது எந்தக் கலைக்கும் தொடக்கம்தான்; சிறுவயதில் பொருள் தெரியாமல் மனப்பாடம் செய்த பாட்டு பின்னால் விளங்குவது உண்டு. மனப்பாடப் பாட்டு காத்திருக்கும். என்டர் தட்டிய கட்டளை காத்திருக்காது.

இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் கட்டளைகளைத் தாமே எழுதி, இயக்கட்டுமா என்று கேட்கின்றன. படிக்கத் தெரியாதவர் சொல்லும் ஆம் என்ற விடைக்கு என்ன பெறுமானம்? படிக்கக் கற்க வழி பழையது. லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸின் கையேடு 1971 நவம்பரில் வந்தபோது, அதன் முதல் பதிப்பிலேயே நிரல்களின் குறைகளைச் சொல்ல ஒரு தலைப்பு ஒதுக்கியிருந்தார்கள். அந்த மரபில் வந்த கையேடு இன்றும் மேன் என்ற கட்டளைக்குப் பின்னால் இணையம் இல்லாமலே கிடைக்கிறது. சூடோ என்று தொடங்கும் வரியை ஒட்டும் முன் அந்தக் கையேட்டைத் திறந்து படியுங்கள். அழிப்பதற்கு முன், ஆர்எம் இருக்கும் இடத்தில், கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையை எழுதி, எந்தக் கோப்புகள் வருகின்றன என்று ஒருமுறை பாருங்கள்.